மாநகராட்சி எல்லை தாண்டிக் குடிவந்தவர்களுக்கு: வடசென்னை ஓரத்து ஊராட்சியில் எதை, எங்கே, யாரிடம் கேட்பது

தண்டையார்பேட்டையில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, செங்குன்றத்துக்கு வடக்கே ஒரு கிராம ஊராட்சியில் வீடு கட்டிக் குடிவந்தோம். வந்த இரண்டாவது வாரம் தெருமுனை விளக்கு எரியவில்லை. பழக்கத்தில் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வார்டு நம்பர் என்னங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அது மாநகராட்சியில வராதுங்க, உங்க பஞ்சாயத்துல சொல்லுங்க" என்றார். பஞ்சாயத்து அலுவலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. வங்கிக் கடனுக்காக அத்தனை ஆவணம் புரட்டியிருந்தும், அந்த வாசலை ஒருமுறைகூட மிதித்திருக்கவில்லை.

என்னைப் போல இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறையப் பேர். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூரில் வாடகை கட்டி மாளாமல் பாடியநல்லூர், சோழவரம், அலமாதி, அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம் என்று தேடி வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் எந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள்?

விலாசத்தில் 'சென்னை' என்று இருப்பதை நம்பாதீர்கள். 600 052 என்ற அஞ்சல் எண்ணுக்குள் பேரூராட்சியும் இருக்கிறது, கிராம ஊராட்சியும் இருக்கிறது. செங்குன்றம் என்று நாம் சொல்லும் கடைவீதி நாரவாரிகுப்பம் பேரூராட்சி. அதை ஒட்டியே இருக்கும் பாடியநல்லூர் கிராம ஊராட்சி. புழல் இன்னும் குழப்பும். புழல் என்ற ஊர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. புழல் ஊராட்சி ஒன்றியத்தின் ஊராட்சிகளான வடகரை, தீர்த்தகிரியம்பட்டு, விளாங்காடுபாக்கம் போன்றவை மாநகராட்சிக்கு வெளியே இருக்கின்றன.

இதற்குக் காரணம் 2011. அந்த வருஷம் அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வடக்கே கத்திவாக்கம், திருவொற்றியூர், மாதவரம் நகராட்சிகளும், புழல் பேரூராட்சியும், வடபெரும்பாக்கம், சூரப்பட்டு, கதிர்வேடு போன்ற ஊராட்சிகளும் உள்ளே போயின. கோடு நின்ற இடத்துக்கு வெளியே இருந்தவை ஊராட்சிகளாகவே தொடர்ந்தன. இப்போதும் எல்லையை மாற்றும் பேச்சு அவ்வப்போது வரும். "சீக்கிரம் கார்ப்பரேஷன் ஆயிடும்" என்று மனை விற்பவர் சொன்னால் அரசாணை நகலைக் கேளுங்கள். பேச்சுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அஞ்சல் எண் சென்னை. மாவட்டம் திருவள்ளூர். வட்டம் பொன்னேரி. ஒன்றியம் சோழவரம். காவல்துறை, 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகம். ஒரு தாளில் இந்த ஐந்தையும் எழுதிப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எந்த விண்ணப்பம் நிரப்பினாலும் இந்தத் தாள் வேண்டியிருக்கும். ஊர்ப் பெயரோடு ஒன்றியத்தின் பெயரையும் எப்போதும் சேர்த்து எழுதுங்கள். மீஞ்சூர் ஒன்றியத்தில் ஓர் அத்திப்பட்டு, அம்பத்தூர் பக்கம் இன்னோர் அத்திப்பட்டு, சோழவரம் ஒன்றியத்தில் அத்திப்பேடு. கூரியர்க்காரர் மட்டுமல்ல, அலுவலகத்தில் இருப்பவர்களும் குழம்பிவிடுவார்கள்.

சந்தேகம் தீர எளிய வழி, முந்தைய உரிமையாளரின் வீட்டு வரி ரசீது. அதன் தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி.

யார் என்ன வேலை பார்க்கிறார்கள்

புதிதாக வந்தவர்கள் அலைவது பெரும்பாலும் இங்கேதான். ஊரில் எல்லோரும் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு ஆபீஸ் இருக்கிறது.

ஒன்று ஊராட்சி மன்ற அலுவலகம். அங்கே இருப்பவர் ஊராட்சிச் செயலர். பழைய ஆட்கள் இன்றைக்கும் 'கிளார்க்கு' என்பார்கள். வீட்டு வரி, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை, தெருச் சாலை, மழைநீர்க் கால்வாய் எல்லாம் இவர் வழியாக. மற்றொன்று விஏஓ அலுவலகம், அதாவது கிராம நிர்வாக அலுவலர். அவர் வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இவரிடம் போகும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று விஏஓவிடம் நின்றாலும், பட்டா மாற்ற வேண்டும் என்று ஊராட்சிச் செயலரிடம் நின்றாலும் ஒரு நாள் வீண். இரண்டு அலுவலகமும் பல ஊர்களில் அடுத்தடுத்த கட்டடத்திலேயே இருக்கும், அதனால்தான் இத்தனை குழப்பம்.

இவர்களுக்கு மேலே ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) என்ற பதவியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. நம் தெரு விஷயத்துக்குப் பார்க்க வேண்டியவர் கிராம ஊராட்சிகளுக்கான பிடிஓ. மனுவில் அந்த அடைமொழியை எழுதாவிட்டால் மனு தவறான மேசைக்குப் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அப்படி வந்த தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தலில் வந்த தலைவர் இல்லாத காலத்தில் ஒன்றிய அலுவலகத்துக்கு நேராக மனு கொடுப்பதே சரி. அதற்காக முன்னாள் தலைவரை ஒதுக்கிவிட வேண்டாம். எந்த பைப் எந்தத் தெருவுக்கடியில் போகிறது, எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஊராட்சிச் செயலர் சில இடங்களில் இரண்டு ஊராட்சிகளைப் பார்ப்பார். போகும் முன் போனில் கேட்டுவிட்டுக் காலையிலேயே போங்கள்.

வீட்டு வரி: குடிவந்த மாதமே முடிக்க வேண்டியது

கட்டிய வீடு வாங்கியிருந்தால் பெயர் மாற்றம், புதிதாகக் கட்டியிருந்தால் புது வரிவிதிப்பு. கிரயப் பத்திர நகல், பட்டா நகல், ஆதார், பழைய வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துப் போங்கள். வீட்டின் பரப்பளவையும் கூரை எப்படிப்பட்டது என்பதையும் வைத்து வரி போடுவார்கள். தளம் போட்ட வீட்டுக்கு ஒரு கணக்கு, ஓட்டு வீட்டுக்கு ஒரு கணக்கு. மாநகராட்சியில் சொத்து வரி கட்டிப் பழகியவர்களுக்குத் தொகை சின்னதாகத் தெரியும்.

இப்போது ஊராட்சி வரிகளை ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே கட்டலாம். வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் பாக்கி தெரியும், பணம் போனவுடன் ரசீது வரும். கையில் பணம் வாங்கிக்கொண்டு "ரசீது அப்புறம் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குடிநீர்க் கட்டணத்தையும் இதே தளத்தில் பாருங்கள்.

வீட்டு வரி ரசீது உங்கள் உரிமைக்குச் சான்று ஆகாது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி ரசீது இருக்கும். அதைக் காட்டி வீடு விற்க வருகிறவர்களிடம் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

மனையும் தெருவும்: இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்

இன்னும் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பகுதி.

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் வக்கீல் பார்ப்பார். அவர் பார்க்காமல் விடக்கூடிய ஒன்று, உங்கள் மனைக்கு முன்னால் இருக்கும் தெரு யாருடையது என்பது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், தெருக்களையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்படி எழுதிக் கொடுக்காத தெரு, பார்க்கத் தெரு மாதிரி இருந்தாலும் தனியார் நிலம்தான். ஊராட்சி அதில் சாலை போட்டால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் போடமாட்டார்கள்.

எங்கள் தெருவில் இதுதான் நடந்தது. வாங்கும்போது தாரும் ஜல்லியும் போட்டு அழகாக இருந்தது. மூன்றாவது மழைக்கு ஜல்லி தனியாக வந்துவிட்டது. மனு கொடுத்தோம், செயலர் ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஊராட்சிச் சாலைகளின் பட்டியலில் எங்கள் தெருவே இல்லை. மனை பிரித்தவர் முக்கியச் சாலையை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார், குறுக்குத் தெரு நான்கையும் விட்டுவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து, நான்கு தெருக்காரர்களும் சேர்ந்து பத்திரச் செலவை ஏற்றுக்கொண்டு, தானப் பத்திரம் வாங்க இரண்டு வருஷம் ஆனது. இத்தனைக்கும் அவர் கையெழுத்துப் போட மறுக்கவில்லை. அவரே வெளியூர் போயிருந்தாலோ இறந்திருந்தாலோ எங்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆகவே வாங்கும் முன் மனைப்பிரிவின் வரைபட நகலையும், அங்கீகார எண்ணையும், தெருக்களின் தானப் பத்திர எண்ணையும் கேளுங்கள். அந்தப் பத்திரத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அதில் உங்கள் தெரு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

அங்கீகாரமில்லாத மனைக்கு ஒரு தேதி முக்கியம்: 2016 அக்டோபர் 20. அதற்கு முன் வீட்டு மனையாகப் பதிவாகியிருந்தால் 2017-ல் வந்த விதிகளின்படி வரன்முறை செய்ய, அதாவது பின்னால் ஒழுங்குபடுத்தி அங்கீகாரம் வாங்க, இடம் இருக்கிறது. அதற்குப் பின் என்றால் பதிவு அலுவலகத்திலேயே நின்றுவிடும்.

கட்டடத்துக்கு அனுமதி ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கும். மனைக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். "பஞ்சாயத்துல சொல்லிக்கலாம், பிளான் வேணாம்" என்று மேஸ்திரி சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக் கடனிலிருந்து மின் இணைப்பு வரை அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள்.

தண்ணீர்

இந்தப் பக்கத்துக்கு இரண்டு தண்ணீர்க் கவலை. ஒன்று உப்பு, மற்றொன்று வெள்ளம்.

மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் வந்த வினை. கடலிலிருந்து குடிநீர் எடுக்க 2010-ல் தொடங்கிய, நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. வீடு பார்க்கப் போகும்போது பக்கத்து வீட்டுச் சமையலறைக் குழாயைப் பாருங்கள். மூக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா, வாசலில் எத்தனை கேன் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. 2,000-ஐத் தாண்டினால் அதைக் குடிக்கவே கூடாது.

வெள்ளத்துக்கு, "இங்க தண்ணி நிக்குமா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நிக்காது என்றுதான் சொல்வார்கள். "2015-ல எதுவரைக்கும் வந்துச்சு? மிக்ஜாம் புயலப்போ?" என்று கேளுங்கள். டீக்கடை அண்ணன் சுவரில் கை வைத்தே காட்டுவார். சோழவரம் ஏரி எந்தப் பக்கம், ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம், உபரி நீர் எந்த வாய்க்காலில் கொசஸ்தலை ஆற்றுக்குப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சுற்றிப் பாருங்கள். ஏரியின் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் உட்பகுதியை, ஒட்டியும் கலங்கலுக்குக் கீழேயும் பட்டா நிலமாகவே இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

குடிவந்த பிறகு நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். எங்கள் ஊரில் விடியற்காலை ஐந்தரைக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் வருவார். தெருமுனையில் ஒரு சின்ன சிமெண்டுக் குழி, மேலே கடப்பைக்கல் மூடி. கல்லைக் காலால் தள்ளிவிட்டு, இடுப்புயர இரும்புச் சாவியை உள்ளே விட்டு வால்வைத் திருப்புவார். எட்டுச் சுற்று. எங்கள் வீடு கடைசி, தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். ஒரு நாள் எழுந்துபோய், "அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து விடக்கூடாதா?" என்றேன். "விடலாம் சார். மேட்டுத் தெருவுக்கு அப்புறம் சொட்டுக்கூட ஏறாது. அங்க ரெண்டு வயசானவங்க மட்டும் இருக்கற வீடு நாலு இருக்கு" என்றார். குழாய் போட்டபோது இருந்த வீடுகளுக்குத்தான் அந்த பைப். பின்னால் வந்தது நாங்கள். பிறகு கேட்டது கூடுதல் சுற்று இல்லை, தனி லைன். அதற்குக் கிராம சபையில் தீர்மானம் வேண்டியிருந்தது.

பாதாளச் சாக்கடை இங்கே கிடையாது. செப்டிக் டேங்க்தான். போர்வெல்லுக்கும் அதற்கும் நடுவில் மனையில் முடிந்த மட்டும் தூரம் விடுங்கள். நிறைந்தால் லாரியைக் கூப்பிடுங்கள், மனிதர் எவரையும் உள்ளே இறக்காதீர்கள். 2013 சட்டப்படி அது குற்றம். விஷவாயுவில் ஓர் உயிர் போக ஒரு நிமிஷம் போதும்.

குப்பைக்குத் தூய்மைக் காவலர்கள் வருவார்கள். தினமும் எல்லாத் தெருவுக்கும் வர அவர்கள் எண்ணிக்கை போதாது. மக்கும் குப்பையை வீட்டிலேயே ஒரு டிரம்மில் போட்டு எருவாக்கிவிட்டால் மீதியை இரண்டு மூன்று நாள் நாற்றமில்லாமல் வைத்திருக்கலாம். காலி மனையில் கொட்டாதீர்கள்.

கிராம சபை: மாநகராட்சியில் இல்லாத ஒன்று

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்தில் இந்த ஆறு நாள் கிராம சபை கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். மாநகராட்சியில் கவுன்சிலரைப் பார்க்கவே காத்திருக்க வேண்டும். இங்கே வரவு செலவுக் கணக்கை உங்கள் முன்னால் வாசிக்க வேண்டும், நீங்கள் எழுந்து கேட்கலாம்.

அதனால் குடிவந்ததும் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றுங்கள். எங்கள் மனைப்பிரிவு நகரில் பாதிப் பேருக்கு இன்னும் ஓட்டு ராயபுரத்திலும் ஆர்.கே. நகரிலும் இருக்கிறது. ஊராட்சிக்கு வரும் அரசு மானியம் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்தே வருகிறது. அந்தக் கணக்கு 2011-ல் எடுத்தது. அதற்குப் பிறகு எழும்பிய நகர்கள் எதுவும் அதில் இல்லை. இருக்கும் பணத்தில் நமக்கும் சேர்த்துச் செய்யுங்கள் என்று கேட்க, ஓட்டுப் பட்டியலில் பெயரும் கூட்டத்தில் ஆளும் வேண்டும்.

கூட்டத்துக்கு ஆள் சேர வேண்டிய எண்ணிக்கை உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. வாசலில் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெயிலென்று கிளம்பிவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பேசியது அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "பேசினோம், செய்றேன்னாங்க" என்பதற்கு ஒன்றிய அலுவலகத்தில் மதிப்பில்லை. "மே 1 கூட்டம், தீர்மானம் எண் 14" என்றால் கோப்பைத் தேடி எடுப்பார்கள்.

முதல் கூட்டத்தில் நான் எங்கள் நகரின் சாலையைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினேன். எனக்குப் பின்னால் எழுந்த ஓர் அம்மா, "நாங்க நாலு தலைமுறையா இருக்கோம். சுடுகாட்டுக்குப் போற வழியில முழங்கால் சேறு" என்றார். அவர் காலனிப் பக்கத்தவர். அடுத்த மனுவில் இரண்டையும் சேர்த்தே எழுதினோம், சுடுகாட்டுப் பாதையை மேலே வைத்து. புது நகர்க்காரர்கள் தனியாகச் சங்கம் வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஊரின் தண்ணீரைத்தான் நாம் போர் போட்டுக் குடிக்கிறோம்.

வேலை நகராவிட்டால்

முதலில் செயலர், எழுத்தில், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி. இரண்டு வாரம் பார்த்துவிட்டு கிராம ஊராட்சிகளுக்கான பிடிஓ. இடையில் 155340-க்குப் போன் செய்யுங்கள். 'ஊராட்சி மணி' என்று ஊரக வளர்ச்சித் துறை வைத்திருக்கும் எண் அது. 1100 முதல்வரின் உதவி மையம். திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் நாள், மனு கொடுத்ததும் தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள். மின்வெட்டு, தாழ்வாகத் தொங்கும் கம்பி, டிரான்ஸ்பார்மர் என்றால் ஊராட்சியிடம் போகாதீர்கள், மின்னகம் 94987 94987. ஆனால் தெருவிளக்கு மட்டும் ஊராட்சியின் பொறுப்பு. கம்பத்தில் பெயிண்டால் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், லைட் போடுகிறவர் தேடி அலைய வேண்டியதில்லை.

கணக்கு விவரம் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனுப் போடலாம். ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். நேரில் கேட்டாலே பதிவேட்டைக் காட்டும் செயலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் தெரு பட்டியலில் இல்லை என்று எனக்குக் காட்டியதும் அப்படி ஒருவர்தான். தானப் பத்திர நகலை அவரிடம் கொடுத்த அன்று, அதே பதிவேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் நான்கு தெருக்களையும் நீளம் அகலத்தோடு எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திருப்பி, "ஸ்பெல்லிங் சரியா பாத்துக்கோங்க சார்" என்றார். எங்கள் தெரு மூன்றாவது வரியில் இருந்தது.